கொம்பை அளக்காதீர்கள், தோலைப் பாருங்கள்

முதுமலை போய்வந்தவர்களைக் கேட்டால், "புலி கண்ணில் படலை, வெறும் மான்தான்" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோடையில் போயிருந்தால், அந்த வெறும் மான்கள் இணை தேடும் பருவத்தின் உச்சத்தை அல்லவா தவறவிட்டு வந்திருக்கிறார்கள்!

பாலபாடம் சுருக்கமாக: புள்ளிமானில் ஆணுக்கு மட்டும் கொம்பு, அது விழுந்து விழுந்து முளைக்கும். சினைக்காலம் ஏறக்குறைய ஏழரை மாதம், பெரும்பாலும் ஒரே குட்டி. இது போதும்.

இனிதான் விஷயம். கொம்பின் நீளத்தைப் பார்த்து வாய் பிளப்பது சின்னப் பிள்ளைத்தனம். கொம்பில் தோல் இருக்கிறதா என்று பாருங்கள். வளரும் கொம்பை மெல்லிய ரோமத்தோடு ஒரு தோல் போர்த்தியிருக்கும். அதில் ரத்தம் ஓடும்; நுனி மொண்ணையாக இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் ஏறியதும் ரத்த ஓட்டம் நின்று தோல் காய்ந்துவிடும். மான் அதை மரத்தில் தேய்த்து உரித்துப் போடும். மிஞ்சுவது எலும்பு, கூரான எலும்பு. புள்ளிமான்களில் எல்லா ஆணுக்கும் ஒரே மாதத்தில் கொம்பு முற்றுவதில்லை. அதனால் ஒரே மந்தையில் தோல்கொம்பும் கூர்கொம்பும் சேர்ந்தே மேயும். வாட்டசாட்டமான ஆண்கூட, தோல்கொம்போடு இருக்கும்வரை கூர்கொம்புக்காரனுக்கு வழிவிட்டு ஒதுங்கும். இந்த ஒன்று பிடிபட்டால் மந்தையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

கொம்பு மோதும் படத்துக்காக ஜீப்பில் முண்டியடிக்கும் லென்ஸ்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? டிவியில் காட்டும் ஸ்காட்லாந்துச் செம்மான் பெண்களை வளைத்துக் கூட்டமாகக் காவல் காக்கும். நம் புள்ளிமான் ஆண் மந்தை விட்டு மந்தை அலைந்து, பருவத்துக்கு வந்த ஒரு பெண்ணைக் கண்டால் அதையே நிழல்போலத் தொடரும். கிட்டே வரும் ஆண்களைத் துரத்தும். பெரும்பாலும் ஒரு முறைப்பிலேயே எதிராளி நழுவிவிடும். சண்டை மூண்டாலும் சட்டென்று முடிந்துவிடும்.

நீங்கள் அக்கறையாகக் கேட்பதால் சொல்கிறேன், நான் காத்திருப்பது சண்டைக்கு அல்ல. பெண் மான் சிறுநீர் கழித்த இடத்தை ஆண் முகர்ந்து, தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு அப்படியே நிற்குமே, அந்தக் கணத்துக்கு. இணைசேரப் பக்குவமா என்று வாசனையிலேயே சோதிக்கிறது. இன்னொன்று, பின்னங்காலில் எழுந்து கிளைக்குள் தலையை நுழைத்துத் தேய்ப்பது. "இலை பறிக்குது" என்பார் பக்கத்து சீட்காரர். விட்டுவிடுங்கள், அது தன் வாசனையைப் பூசிவிட்டுப் போகிறது.

இதற்கு சஃபாரி டிக்கெட்கூட வேண்டாம். சாயங்காலம் முதுமலையின் தெப்பக்காடு சாலையோரம் போதும். வண்டியை விட்டு இறங்காதீர்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே வெளிமானும் உண்டு. அது மான் குடும்பமே அல்ல, ஆன்டிலோப்; அதன் கொம்பு விழுவதே இல்லை. அதைப் பார்த்துவிட்டு, "தோல் உரிஞ்சிருச்சு சார்" என்று என்னிடம் வந்து நிற்காதீர்கள்.