கொல்லிமலை மழையும் பெருங்கணிப்பொறியும்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுபவர், அடிவாரத்தில் வெயிலையும் சோளக்காட்டில் தூறலையும் ஒரே மணி நேரத்தில் காண்பதுண்டு. மலையில் மிளகும் சாமையும் பயிரிடுவோருக்கு வேண்டியது தம் ஊரின் மழை. கிடைப்பதோ மாவட்டத்தின் மழை! இந்தக் குறையை நீக்க நாம் வாங்கும் கணிப்பொறிகளைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

2024 செப்டம்பரில் புனேயில் ‘அர்கா’வும் நொய்டாவில் ‘அருணிகா’வும் தொடங்கி வைக்கப்பட்டன. வானிலைக்கென்றே அமைந்த இவற்றின் மொத்தச் செலவு 850 கோடி ரூபாய். அர்காவின் வேகம் 11.77 பெட்டாஃப்ளாப்ஸ், அருணிகாவின் வேகம் 8.24. ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்பது நொடிக்கு 1-ஐ அடுத்து 15 சுழிகள் கொண்ட எண்ணிக்கையிலான கணக்குகள். 2025 மே மாதம் அறிமுகமான ‘பாரத் முன்கணிப்பு முறை’, நாட்டை 12 கி.மீ. கட்டங்களுக்குப் பதில் 6 கி.மீ. கட்டங்களாகப் பிரிக்கிறது.

இது நல்ல முன்னேற்றமே. கொல்லிமலையின் பரப்பு ஏறத்தாழ 280 சதுர கி.மீ. பழைய முறையில் இம்மலை முழுவதும் இரண்டே கட்டங்களில் அடங்கிவிடும். இப்போது எட்டு கட்டங்கள் கிடைக்கின்றன. ஆயினும் ஒரு கட்டத்துக்கு ஒரே சராசரி உயரம்தான். அந்த 70 வளைவுகளும் ஏறும் செங்குத்துச் சரிவு, அதாவது ஈரக்காற்றை மேலே தள்ளி மழையாக்கும் சரிவு, கணக்கில் மழுங்கிப் போகிறது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். காலப் படியையும் பொதுவாகப் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்காகும். 6 கி.மீ.யிலிருந்து 1.5 கி.மீ.க்கு வர 64 மடங்கு!

பல ஊர்க் கணிப்பொறிகளை இணைத்தால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். மின்சாரக் கிரிட் போலக் கணிப்புத் திறனையும் பகிரலாம் என்ற கருத்து 1990களில் பரவியது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் ‘கருடா’ என்ற பெயரில் 17 நகரங்களை இணைத்தது. சென்னையும் அவற்றுள் ஒன்று. எந்தக் கணக்கு இதற்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பது மாணவர்க்குப் போதிய அளவு விளக்கப்படவில்லை என்பது என் மனக்குறை. ஜெனிவா துகள் மோதல் சோதனையில் ஒவ்வொரு மோதலும் தனிக் கணக்கு. ஆகவே மும்பையும் கொல்கத்தாவும் அதன் உலகக் கிரிட்டில் எளிதாகப் பங்கேற்கின்றன. வானிலையில் அப்படியன்று. ஒவ்வொரு படியிலும் ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தின் காற்றையும் ஈரத்தையும் கேட்டாக வேண்டும். சென்னையிலிருந்து டெல்லி செல்லக் கண்ணாடி இழையில் ஒளிக்கு 9 மில்லிநொடி ஆகும். அதற்குள் 2 கிகாஹெர்ட்ஸ் செயலி 1.8 கோடி முறை துடித்துவிடும். இந்தத் தாமதத்தை எந்தப் பொறியாளரும் நீக்க முடியாது. அது ஒளியின் வேகம் போட்ட எல்லை.

மற்றொரு வழி, வரைகலைச் செயலி போன்ற முடுக்கிகள். இவை ஒரே மாதிரியான கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒருசேரச் செய்யும். ஆனால் வேலையில் பத்தில் ஒரு பங்கு வரிசையாகத்தான் நடக்கும் என்றால், மீதியை 100 மடங்கு விரைவாக்கினாலும் மொத்தப் பயன் சுமார் 9 மடங்குதான். தவிர, பல வானிலை நிரல்கள் பழைய ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டவை. அவற்றை முடுக்கிக்கு ஏற்றபடி மாற்றி எழுதுவது பல ஆண்டு உழைப்பு. இயந்திரம் வாங்கப் பணம் ஒதுக்கும் ஆர்வம் இந்த உழைப்புக்கு ஆள் சேர்ப்பதிலும் வேண்டும்.

இவ்விடத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ செயலியைப் பாராட்ட வேண்டும். அதன் வடிவமைப்பை எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். 2018-இல் அது சில்லாகவும் வந்தது. எனினும் செயலி மட்டும் திறந்திருந்தால் போதாது. இன்றைய பெருங்கணிப்பொறி காத்துக் கிடப்பது பெரும்பாலும் கணக்குக்காக அன்று, நினைவகத்திலிருந்து எண்கள் வந்து சேர்வதற்காக. வானிலைக் கட்டங்களுக்கென்றே அந்தப் பாதையை அகலமாக்கும் திறந்த முடுக்கியை வடிவமைப்பது இன்னும் தீராத சிக்கல். நம் பொறியியல் மாணவர்கள் கைவைக்கத் தக்க சிக்கலும்கூட.

நாளேடுகளில் பெரிய எழுத்தில் வந்தது உச்ச வேகம்தான். லாரியின் உச்ச வேகத்தைக் கேட்டு, சோளக்காட்டுச் சந்தைக்கு அது எப்போது வந்து சேரும் என்று யாரும் கணக்கிடுவதில்லை. அடுத்த அறிவிப்பிலாவது மழைக் கணக்கு ஓடும்போது கிடைக்கும் வேகத்தையும், ஒரு மலையூருக்குச் சொன்ன மழை எத்தனை நாள் பலித்தது என்பதையும் சேர்த்து அச்சிடட்டும்.