கூற்று மாறும் ஒளிப்படம்: கோலார் தங்கவயலும் பழனிகுமாரின் பயிற்சியும்

முன்னுரை

செய்யுளின் உறுப்புகளைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், பயன் ஆகியவற்றையும் அவற்றுள் அடக்குகிறது. யார் கூற்று என அறிந்தே அகப்பாடலுக்குப் பொருள் கொள்வது மரபு. இவ்வளவுகோல் ஒளிப்படத்திற்கும் பொருந்துவதாகும். ஒடுக்கப்பட்டோரைப் பற்றிய படங்கள் பெருகியுள்ள நிலையில், அவை யாருடைய கூற்று என வினவுதல் இன்றியமையாதது.

சான்றாகிய படம்

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பணி தொடங்கிய கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளரே மிகுதியாக உழைத்தனர். அந்நகரியத்தின் உலர் கழிப்பிடங்களைத் துப்புரவு செய்தோரின் குடும்பத்தில் பிறந்தவர் பெசவாடா வில்சன். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-இல் இயற்றப்பட்ட பின்னரும் அங்கு அவ்வழக்கம் நீடித்தது. வில்சன் அக்காட்சிகளைப் படமெடுத்து, சட்ட நடவடிக்கை குறித்த எச்சரிக்கையுடன் சுரங்க நிர்வாகத்திற்கு அனுப்பினார். அதற்குமுன் அவர் எழுதிய மடல்களுக்கு அசையாத நிர்வாகம் கழிப்பிடங்களை மாற்றியமைக்க இசைந்தது. இங்குக் கேட்போர் நிர்வாகத்தார், பயன் உடனடியானது. எனினும், சான்றாக நிற்கும் படம் இழிவைக் காட்டுமேயன்றி, அதனைச் சுமந்தவரின் மனத்தைக் காட்டுவதில்லை.

கூற்றாகிய படம்

இவ்விடைவெளியிலேயே எம். பழனிகுமாரின் பணி சிறப்புப் பெறுகிறது. மதுரையில் மீன் விற்று வாழ்ந்த தாயின் மகனான இவர், திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர். 2022-இல் தயாநிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருது பெற்றார். துப்புரவுத் தொழிலாளர், மீனவர் முதலானோரின் பிள்ளைகளுக்கு ஒளிப்படக் கலையைக் கற்பித்தும் வருகிறார். பிறர் படத்தில் இரக்கத்திற்குரியவராகத் தோன்றும் தந்தை, மகள் எடுக்கும் படத்தில் தந்தையாகவே தோன்றுகிறார். பாடுபொருள் ஒன்றே, கூற்று மாறுகிறது.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. துப்புரவாளர் மகள் துடைப்பத்தையும் மீனவர் மகன் வலையையுமே படமெடுக்க வேண்டும் என எதிர்பார்த்தால், பிறப்பால் விதித்த எல்லையைக் கலையும் விதித்ததாகிவிடும். அந்நிலையில் கருவி மாணவர் கையிலிருந்தாலும் கூற்று ஆசிரியருடையதே. தம் வாழ்வை எடுத்துரைக்கும் உரிமையைப் போலவே, அதனை விடுத்து வேறொன்றைக் காணும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இவ்விரண்டனையும் தருவதே பயிற்சியின் உரைகல் எனலாம்.

முடிவுரை

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்குத் தொடர்வண்டியில் செல்லும் தலைமுறை அங்கு உருவாயிற்று. அவர்களின் ஊரைப் பிறர் பெரும்பாலும் பாழ்நிலமாகவோ, 2018-இல் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' திரைப்படம் போன்ற கற்பனைக் களமாகவோ காட்டியுள்ளனர். வில்சனின் படங்கள் அங்குக் கழிப்பிடங்களை மாற்றின. பழனிகுமாரின் பயிற்சிமுறை அத்தகைய ஊர்களுக்கும் பரவுமாயின், காண்போரின் பார்வையும் மாறும். அப்பொழுது தங்கவயல் பாடுபொருளாக மட்டும் நில்லாது, தானே கூற்று நிகழ்த்தும்.