மூன்று நிமிட மரபு: பவர் பாப், பங்க், மாட் மறுமலர்ச்சி

மேலை இசை வகைகள் பலவற்றுக்கு வரலாறு எழுதுவது சிரமமில்லை. ஜாஸ் என்றால் ஆம்ஸ்ட்ராங், எலிங்டன், பார்க்கர் என்று பெரிய பெயர்களைத் தொட்டுக்கொண்டே போனால் ஓர் உருவம் கிடைத்துவிடும். பவர் பாப், பங்க், மாட் மறுமலர்ச்சி ஆகிய மூன்று உறவுக்கார வகைகளுக்கு அப்படி எழுத முடியாது. புகழ்பெற்றவர்களை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிகூடக் கைக்கு வராது. ஒரே ஒரு சிங்கிள் வெளியிட்டுக் கலைந்தவர்கள், 500 இசைத்தட்டு அச்சிட்டுத் தாங்களே கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள், ஒப்பந்தம் கிடைத்த அதே வருடம் நிறுவனம் முழுகிப் போனவர்கள்: இந்த மரபைத் தாங்கி நிற்பவர்கள் இவர்கள்தான்.

காரணம், இதன் அலகு. ஒரு கலைஞரின் வாழ்நாள் உழைப்பை வைத்து இங்கே யாரையும் அளப்பதில்லை. நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் ஏழு அங்குலத் தட்டின் ஒரு பக்கம், ஏறக்குறைய மூன்று நிமிடம், அதுதான் அளவு. அந்த மூன்று நிமிடத்தைக் குறையில்லாமல் செய்தவர் வாழ்க்கையில் ஒரே முறை செய்திருந்தாலும் ஆசான்தான். இந்தக் கட்டுரையில் வரும் கிளைகளை எல்லாம் நான் அந்த ஒரே கோலால்தான் அளக்கிறேன்.

பவர் பாப் என்று 1967இல் முதலில் சொன்னவர் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட். தம் குழு வாசிப்பது இதைத்தான் என்றார். பீட்டில்ஸிடமிருந்தும் பேர்ட்ஸிடமிருந்தும் மெட்டும் குரல் இணைவும், ஹூவிடமிருந்து ஓசையின் வலுவும் வந்து சேர்ந்தால் அது பவர் பாப். நல்ல பாட்டு என்றால் முதல் சில நொடிகளிலேயே கிட்டார் மறக்க முடியாத ஒன்றைச் சொல்லிவிடும். கோரஸுக்கு முந்தைய வரிகளில் மெட்டு ஒரு படி ஏறும். ஆனால் கோரஸ் இன்னொரு படி ஏறுவதற்கு இடம் விட்டு வைத்திருக்கும். இரண்டாவது குரல் எந்தச் சொல்லில் வந்து சேர்கிறது என்பதைக் கவனியுங்கள். தேர்ந்தவர்கள் அதை முதல் சரணத்தில் செலவழிக்க மாட்டார்கள். நடுவில் ஒருமுறை மட்டும் மெட்டு வேறு திசைக்குப் போய்த் திரும்பும். பிறகு பாட்டு தயங்காமல் முடிந்துவிடும். பாடுபொருள் பெரும்பாலும் கைகூடாத காதல். மெட்டு இனிக்க, சொல் கசக்க வேண்டும். இரண்டும் இனித்தால் அது விளம்பரப் பாட்டாகிவிடும்.

இந்த இலக்கணத்துக்கு முதன்மையான உதாரணம் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து பிக் ஸ்டார் குழு. அதன் பாடகர் அலெக்ஸ் சில்டன் பதினாறு வயதிலேயே பாக்ஸ் டாப்ஸ் குழுவில் 'தி லெட்டர்' பாடி நாடெங்கும் முதலிடம் பிடித்தவர். புகழைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அவரும், பீட்டில்ஸைத் தலைகீழ்ப் பாடமாகக் கற்றிருந்த கிறிஸ் பெல்லும், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ் இருவரும் சேர்ந்து ஆர்டென்ட் ஸ்டூடியோவில் 1972இல் முடித்த ஆல்பத்துக்கு '#1 ரெக்கார்ட்' என்று பெயர் வைத்தார்கள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். கடைக்குப் போனவர்களுக்குத் தட்டு கிடைக்கவில்லை. ஆர்டென்டின் விநியோகம் சோல் இசைக்குப் பேர்போன ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. ராக் தட்டை எந்தக் கடையில் எப்படி வைப்பது என்பது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை; பின்னால் கொலம்பியா நிறுவனத்தோடு செய்துகொண்ட ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. மனமுடைந்த பெல் விலகினார். மற்ற மூவரும் 1974இல் வெளியிட்ட 'ரேடியோ சிட்டி'க்கும் அதே கதிதான்.

அந்த இரண்டாம் ஆல்பத்தில் 'செப்டம்பர் கர்ல்ஸ்' என்றொரு பாட்டு இருக்கிறது. மேலே சொன்ன இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது, மூன்று நிமிடத்துக்கும் குறைவாக. கிட்டாரின் மணியோசை, நெஞ்சு தழுதழுக்கிற இடத்தில் குரலை இழுக்காமல் விட்டுவிடும் சில்டனின் அடக்கம், ஒரு நொடி பின்தங்கி வந்து விழுவதுபோல் வாசிக்கும் ஸ்டீஃபன்ஸின் டிரம்ஸ். பன்னிரண்டு வருடம் கழித்து பேங்கிள்ஸ் அதைப் பாடி லட்சக்கணக்கானவர்களிடம் கொண்டுசேர்த்தார்கள். கிறிஸ் பெல்லுக்குத் தம் பெயரில் ஒரே ஒரு சிங்கிள்தான் வாய்த்தது: 'ஐ ஆம் தி காஸ்மாஸ்', 1978இல். அதே வருட டிசம்பரில் கார் விபத்தில் இறந்தார். வயது 27. அந்த ஒரு தட்டை வைத்துக்கொண்டு அவரை இந்த மரபின் முதல் வரிசையில் உட்காரவைக்க எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

மெம்ஃபிஸ்காரர்களுக்கு நல்ல ஸ்டூடியோவாவது இருந்தது. சிகாகோவுக்கு வடக்கே ஸயன் என்ற சிற்றூரில் ஷூஸ் குழுவுக்கு அதுவும் இல்லை. ஜெஃப் மர்ஃபி, ஜான் மர்ஃபி சகோதரர்களும் கேரி கிளீபும் வீட்டுக் கூடத்தில் நாலு தடப் பதிவுக் கருவியை வைத்துத் தாங்களே பதிந்து, 1977இல் 'பிளாக் வினைல் ஷூஸ்' என்ற ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோலத் தாழ்ந்த குரலில் பாடுகிறார்கள், கிட்டாரோ உறுமுகிறது. அந்த முரணே அவர்கள் பாணியாகிவிட்டது. எலெக்ட்ரா நிறுவனம் தேடி வந்து, மூன்று ஆல்பம் போட்டுவிட்டு விலகிக்கொண்டது. அவர்கள் ஊரிலேயே சொந்த ஸ்டூடியோ வைத்துக்கொண்டார்கள். 2012இல்கூட அதே மூவர் 'இக்னிஷன்' என்ற புது ஆல்பத்தோடு வந்தார்கள்.

அமெரிக்க மேற்குக் கரையின் நெர்வ்ஸ் குழு இன்னும் சுருக்கம். ஜாக் லீ, பீட்டர் கேஸ், பால் காலின்ஸ் மூவரும் 1976இல் நாலு பாட்டு கொண்ட ஒரே ஒரு தட்டைச் சொந்தச் செலவில் போட்டார்கள். குழு 1978இல் கலைந்தது. அந்த நாலில் ஒன்று ஜாக் லீ எழுதிய 'ஹேங்கிங் ஆன் தி டெலிஃபோன்'. அதே வருடம் பிளாண்டி குழு அதைப் பாட, பிரிட்டனில் முதல் ஐந்துக்குள் வந்தது. பிளாண்டியின் வடிவம் மெருகேறியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மூலத்தில் ஒரு பதற்றம் இருக்கிறது. காசு போட்ட பொதுத் தொலைபேசி எப்போது அறுந்துபோகுமோ என்ற அவசரத்தில் பாடுகிறார் லீ. கேஸ் அடுத்து பிளிம்சோல்ஸ் குழுவை அமைத்து 'எ மில்லியன் மைல்ஸ் அவே' தந்தார். காலின்ஸ் தி பீட் என்ற குழுவை அமைத்தார். நாலு பாட்டிலிருந்து மூன்று கிளை.

பங்க் இங்கே எப்படி வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. மெட்டு வேண்டாம் என்று பங்க் ஒருபோதும் சொல்லவில்லை. தாமதத்தைத்தான் வேண்டாம் என்றது. பிரிட்டனின் முதல் பங்க் சிங்கிள் என்று டேம்ட் குழுவின் 'நியூ ரோஸ்' தட்டைச் சொல்வது வழக்கம், 1976 அக்டோபர். அதற்கு ஒரு மாதம் முன்பே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து செயின்ட்ஸ் குழு 'ஸ்ட்ராண்டட்' பாட்டைச் சொந்த லேபிளில் வெளியிட்டுவிட்டது. லண்டனில் என்ன நடக்கிறது என்று பார்த்துச் செய்ததல்ல அது. அதற்கும் முன்பு, 1975இல், டெட்ராய்ட்டில் டேவிட், பாபி, டானிஸ் என்ற ஹேக்னி சகோதரர்கள் 'டெத்' என்ற பெயரில் ஒரு கறுப்பினக் குழுவாக இதே வேகத்தில் வாசித்துப் பதிந்துவைத்தார்கள். பெயரை மாற்றினால் ஒப்பந்தம் என்றார்கள் இசை நிறுவனத்தார். மூத்தவர் டேவிட் மறுத்துவிட்டார். 1976இல் 500 சிங்கிள் மட்டும் வெளிவந்தது. டேவிட் 2000இல் இறந்தார். சேகரிப்பாளர்களிடையே அந்தத் தட்டு சுற்றி, பாபியின் மகன்கள் காதுக்கு எட்டி, அப்பாவின் குரல் என்று அவர்கள் அடையாளம் கண்ட பிறகு, 2009இல்தான் அந்தப் பதிவுகள் ஆல்பமாக வந்தன. டேவிட் அதைப் பார்க்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

பங்க் செய்த பெரிய காரியம், கணக்கை வெளியே வைத்தது. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் 1977 ஜனவரியில் 500 பவுண்டு கடன் வாங்கி 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' போட்டார்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதை உறையிலேயே அச்சிட்டார்கள். அடுத்து லண்டனின் டெஸ்பரேட் பைசிகிள்ஸ் ஒரு படி மேலே போய், தட்டுப் போட ஆன செலவு 153 பவுண்டு என்று உறையில் எழுதி, நீங்களும் செய்யலாம் என்று கேட்பவர்களைக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய முதல் சிங்கிளில் இரு பக்கமும் ஒரே இரண்டு பாட்டுகள்தான். இரண்டாம் பக்கத்துக்குத் தனியாகச் செலவழிக்க வழியில்லை. இசைக்கு அவர்களை நான் மேல்தட்டில் வைக்க மாட்டேன். அவர்கள் இல்லாமல் பின்னால் வந்த எத்தனையோ தட்டுகள் பிறந்திருக்காது என்பதும் உண்மை.

பெல்ஃபாஸ்டில் குண்டுவெடிப்புகளுக்கு நடுவே டெரி ஹூலி இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார், பெயர் குட் வைப்ரேஷன்ஸ். அதே பெயரில் லேபிளும் தொடங்கினார். டெர்ரியிலிருந்து வந்த அண்டர்டோன்ஸின் 'டீனேஜ் கிக்ஸ்' அங்கேதான் 1978இல் வெளிவந்தது. பிபிசியில் ஜான் பீல் அதைத் தொடர்ந்து இருமுறை ஒலிபரப்பியது எல்லோரும் அறிந்த கதை. அந்த லேபிளின் முதல் தட்டு வேறொருவருடையது: ரூடி குழுவின் 'பிக் டைம்'. அண்டர்டோன்ஸ் உலகம் சுற்றினார்கள். ரூடியை ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும்தான் நினைவில் வைத்தார்கள். 'பிக் டைம்' பாட்டின் கோரஸைக் கேட்டுவிட்டு இது இரண்டாம் தரம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பிறகு ஜாம் குழுவின் பால் வெல்லர் ஆதரவில் நடந்த ஒரு சிறு லேபிளில் ரூடி சேர்ந்தார்கள். 1982இல் ஜாம் கலைந்ததோடு அந்த வாய்ப்பும் போயிற்று.

தெற்கு லண்டனிலிருந்து ஏலியன் கல்ச்சர் என்ற குழுவையும் இங்கே சொல்லியாக வேண்டும். குடியேறிகளின் பண்பாட்டால் நாடு அமிழ்ந்துபோகுமோ என்று மக்கள் அஞ்சுவதாக 1978இல் மார்கரெட் தாட்சர் தொலைக்காட்சியில் சொன்னார். பாகிஸ்தானியக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் ஒரு வெள்ளை நண்பரோடு சேர்ந்து அமைத்த இந்தக் குழுவின் பெயரே அதற்குப் பதில். 1980இல் ஒரே சிங்கிள், 'ஏஷியன் யூத்'. வீட்டுக்கும் வெளிக்கும் இடையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் பேச்சு அது. தெற்காசியக் காதுகளுக்கு உடனே பழக்கமானதாக இருக்கும்.

மாட் மறுமலர்ச்சியைப் பற்றி விமர்சகர்கள் கடுமையாகவே எழுதியிருக்கிறார்கள். 1960களின் மாட் இளைஞர்கள் இத்தாலிய வெட்டுச் சூட்டு, ஸ்கூட்டர், அமெரிக்க சோல் இசை என்று வாழ்ந்தவர்கள். ஜாம் குழுவின் 1978 ஆல்பம் 'ஆல் மாட் கான்ஸ்' வந்ததும், மறு வருடம் 'குவாட்ரோஃபீனியா' படம் வந்ததும் அந்த உடையும் பார்க்கா கோட்டும் மீண்டும் தெருவுக்கு வந்தன. 1979 மே மாதம் லண்டன் கேனிங் டவுனில் பிரிட்ஜ் ஹவுஸ் என்ற மதுக்கூடத்தில் ஸீக்ரெட் அஃபேர், ஸ்குவைர், பெகர், ஸ்மால் ஹவர்ஸ் முதலியோர் வாசித்ததை 'மாட்ஸ் மேடே 79' என்று தட்டாக்கினார்கள். அதைக் கேட்டால் இந்தக் கிளையின் பலமும் பலவீனமும் தெரியும். உற்சாகத்துக்குக் குறைவில்லை. மெட்டுகளில் பல, உடைக்குப் பிறகு யோசிக்கப்பட்டவை. ஸீக்ரெட் அஃபேரின் 'டைம் ஃபார் ஆக்‌ஷன்' 13ஆம் இடம்வரை ஏறியது. எனக்கு அதில் கொடி தெரிகிற அளவு பாட்டு தெரியவில்லை.

தேற வேண்டிய இடத்தில் தேறியவர்கள் மூவர். ராம்ஃபர்டின் பர்ப்பிள் ஹார்ட்ஸ், முன்பு பங்க் குழுவாக இருந்தவர்கள். 'மில்லியன்ஸ் லைக் அஸ்' பாட்டில் பங்கின் அவசரமும் சோலின் ஏக்கமும் சேர்ந்தே வருகின்றன. தென்கிழக்கு லண்டனின் கார்ட்ஸ் குழுவுக்கு கிறிஸ் போப் எழுதிய 'மேபி டுமாரோ', பட்டி அஸ்காட்டின் டிரம்ஸுக்காகவே திரும்பத் திரும்பக் கேட்கத் தகுந்தது. ஹூ குழுவின் டிரம்ஸ் கலைஞர் கீத் மூனின் வழியில் வந்தவர் என்று இரண்டு அடியிலேயே தெரிந்துவிடும். ஜாமின் ஊரான வோக்கிங்கிலிருந்து வந்த ஸ்குவைரின் ஆண்டனி மெனெல் வேறு வழி போனார். கோபத்தை விட்டுவிட்டு மென்மையைப் பிடித்தார், பின்னாளில் சொந்த லேபிளிலேயே வெளியிட்டார். மாட் கிளையும் பவர் பாப்பும் கைகுலுக்கும் இடம் ஸ்குவைர்தான்.

இவற்றைத் தேடுபவர்களுக்குத் தொகுப்புகளே வாசல். லென்னி கே 1972இல் தொகுத்த 'நகட்ஸ்' அதற்கு வழிகாட்டியது: மறந்துபோன சிங்கிள்களை அடுக்கி, ஒரு சகாப்தத்தையே மறுபடி கேட்கவைத்தது. பங்குக்கு 'கில்ட் பை டெத்' வரிசை, பவர் பாப்புக்கு 'யெல்லோ பில்ஸ்', மாட்டுக்கு 2014இல் வந்த நாலு சிடி தொகுப்பு 'மில்லியன்ஸ் லைக் அஸ்' என்று தொடங்கலாம். ஓர் எச்சரிக்கை. அரிதானது எல்லாம் நல்லது என்ற எண்ணம் இந்த உலகில் ஒரு நோயாகப் பரவியிருக்கிறது. தட்டின் ஏல விலை அச்சிட்ட எண்ணிக்கையைச் சொல்லும். கோரஸ் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது. தெரியாத குழுவைக் கேட்கும்போது கதையைப் பிறகு படியுங்கள். முதலில் பாட்டு உங்களை இரண்டாம் முறை கேட்கவைக்கிறதா என்று பாருங்கள்.

கிளைகள் மூன்றும் திரும்ப ஒன்று சேர்ந்த தட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த எக்ஸ்ப்ளோடிங் ஹார்ட்ஸ் 2003இல் வெளியிட்ட 'கிட்டார் ரொமான்டிக்'. பஸ்காக்ஸின் வேகம், நெர்வ்ஸின் சிக்கனம், அழுக்கான ஒலியின் அடியில் மினுங்கும் மெட்டு. அதே வருடம் ஜூலையில் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் வேன் கவிழ்ந்து உறுப்பினர் மூவர் இறந்தார்கள். இருபதை ஒட்டிய வயதுப் பிள்ளைகள்.

மாட் கிளை இங்கிலாந்தில் இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்தாலும் வெளியே ஓயவில்லை. பார்சிலோனாவில் 1981இல் தோன்றிய பிரைட்டன் 64 ஸ்பானிய மொழியில் அதை வளர்த்தார்கள். டோக்கியோவில் 1986இல் தொடங்கிய கலெக்டர்ஸ் குழு ஜப்பானிய மொழியில் பாடி, நிற்காமல் ஆல்பம் போட்டுக்கொண்டே வந்து, 2017 மார்ச்சில் முதன்முறையாக புடோகான் அரங்கில் வாசித்தது. 'மாட்ஸ் மேடே 79' தட்டில் வாசித்தவர்கள் யாருக்கும் அவ்வளவு பெரிய அரங்கு தனியாக வாய்த்ததில்லை.