சல்லடைப் பெட்டி

அத்திபெலே வீட்டுப் பூஜை அலமாரிக்கு எல்இடி பட்டை ஒட்ட ஆசைப்பட்டேன். ஐந்து மீட்டர், மீட்டருக்கு 14.4 வாட், ஆக மொத்தம் 72 வாட், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர் கணக்கைக் கேட்டுவிட்டு, "பத்து ஆம்பியரே எடுத்துக்கோங்க சார், மூச்சு முட்டாம ஓடும்" என்று ஒரு பவர் சப்ளையை நீட்டினார். கையில் வாங்கியதும் கனம் தெரிந்தது.

உடம்பெல்லாம் துளை போட்ட தகரப் பெட்டி. துளை வழியே எட்டிப் பார்த்தால் செம்புக் கம்பி சுற்றிய வளையம், பக்கத்தில் கட்டை குட்டையாகக் கெப்பாசிட்டர்கள். ஓரத்து மூடியைத் தூக்கினால் வரிசையாகத் திருகுகள். கடைசிக் கால் சுற்றில் ஒயரைக் கவ்வி அவை இறுகுவது விரலுக்கே ஒரு சுகம். அருகில் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்க மிளகளவு திருகாணி. மல்டிமீட்டரில் 12.0 நிற்கும்வரை அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பப் பொறுமை வேண்டும். எனக்குக் காபி ஆறிப்போனது. ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது அணைக்கும் நேரம்தான். சுவிட்சைத் தட்டியதும் வெளிச்சம் பட்டென்று போவதில்லை. கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய, கொஞ்சம் தயங்கி, மங்கி, அப்புறம்தான் முருகன் படம் இருளுக்குள் போகிறது.