மூன்றாம் காலத்தில் ஒரு 486

மீன்சுருட்டிப் பக்கம் கோயில் திருவிழா மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் காலம் மாற்றுவது என்றால் என்னவென்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. தாளம் போடுகிறவர் கை தொடக்கத்தில் இருந்த நிதானத்திலேயேதான் விழுந்து எழும். முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒன்றாக வந்த சொல், இரண்டாம் காலத்தில் இரண்டாகவும் மூன்றாம் காலத்தில் நான்காகவும் அதே இடைவெளிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பழைய கம்ப்யூட்டரில் பிராசசரை மாற்றிப் போடும் கலையில் நான் ரசிப்பது முழுக்க இதைத்தான்.

486 மதர்போர்டுக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. பெரும்பாலான போர்டுகளில் அது 33 மெகாஹெர்ட்ஸ். ராம், கேஷ், விஎல்பி ஸ்லாட்டில் நிற்கும் விஜிஏ கார்டு, இவற்றையெல்லாம் இணைக்கும் செம்புத் தடங்கள் அத்தனையும் அந்தத் துடிப்பை நம்பி வடிவமைக்கப்பட்டவை. அதைக் கூட்டினால் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும், காசும் கட்டுப்படியாகாது. 1989-ல் இன்டெல்லின் 486 சில்லு வந்தபோது சில்லும் போர்டும் ஒரே வேகத்தில்தான் ஓடின. 1992-ல் இன்டெல் டிஎக்ஸ்2-ஐக் கொண்டுவந்தது. வெளியே 33, உள்ளே 66. இது இரண்டாம் காலம். 1994-ல் வந்த டிஎக்ஸ்4-க்குப் பெயரில்தான் நான்கு, உள்ளே ஓடியது மூன்று மடங்கு. அதைத் திஸ்ரம் என்று வைத்துக்கொள்ளலாம். சுத்தமான மூன்றாம் காலம் 1995 நவம்பரில் ஏஎம்டி வெளியிட்ட ஏஎம்5எக்ஸ்86. ஒரு தட்டுக்கு நான்கு, மொத்தம் 133.

என்னிடம் இருக்கும் டவர், எங்கள் பக்கத்து டைப்ரைட்டிங் நிலையம் ஒன்று கம்ப்யூட்டர் சென்டராக மாறியபோது வந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்தது, கேபினெட்டில் கம்பெனிப் பெயரே கிடையாது. வேர்ட்ஸ்டாரும் லோட்டஸும் டிபேஸும் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் கம்போஸ் செய்தது. தமிழ் ஃபாண்டில் பெரிய பக்கம் ஒன்றைத் திரையில் மறுபடி வரைவதற்குள் ஆபரேட்டர் டீ குடித்துவிட்டு வரலாம் என்ற காலம் அது. உள்ளே இருந்தது டிஎக்ஸ்2-66. இன்று அதில் ஏஎம்5எக்ஸ்86 ஓடுகிறது. போர்டு, ராம், டிஸ்க் எதையும் நான் தொடவில்லை.

இன்டெல்லுக்கென்று வெட்டிய சாக்கெட்டில் ஏஎம்டி சில்லு உட்காருவதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1981-ல் வந்த தன் பி.சி.க்கு இன்டெல் 8088-ஐ எடுத்த ஐபிஎம், ஒரே கம்பெனியை நம்பியிருக்க முடியாது, அதே சில்லைத் தயாரிக்க இன்னொருவரும் வேண்டும் என்றது. அதனால் 1982-ல் இன்டெல்லும் ஏஎம்டியும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பின்னர் அது வழக்கு மேல் வழக்காக நீண்டு 1995-ல்தான் சமரசமானது. நமக்குக் கிடைத்த லாபம், கால்களின் வரிசை ஒன்றாகவே இருந்துவிட்டது.

மாற்றுவது சில நிமிட வேலைதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவைதான் அதிகம். டிஎக்ஸ்2 5 வோல்ட் சில்லு, ஏஎம்5எக்ஸ்86 கேட்பது 3.45. போர்டில் வோல்டேஜ் ஜம்பர் இருக்கிறதா, அது சொன்னபடி கொடுக்கிறதா என்று சாக்கெட் காலியாக இருக்கும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும். 5 வோல்ட் மட்டுமே தரும் பழைய போர்டு என்றால் இடையில் ரெகுலேட்டர் வைத்த அடாப்டர் தேவை. பீப்பாய் வடிவ பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். நம் ஈரக் காற்றில் பல 486 போர்டுகளைத் தின்றது அந்தப் பச்சைதான்.

சாக்கெட் 3-ன் ஓரத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதைப் பக்கவாட்டில் லேசாக விலக்கி நிமிர்த்தினால் 168 கால்களையும் பிடித்திருந்த பிடி ஒரே நேரத்தில் தளரும், சில்லு தடையில்லாமல் கையோடு வரும். திருப்பிப் பார்த்தால் தங்க முலாம் பூசிய கால்கள் நான்கு பக்கமும் மும்மூன்று வரிசையாக நிற்கும், நடுவில் வெற்றுச் சதுரம். கால் ஒன்று சாய்ந்திருந்தால் ஈயக்குச்சி எடுத்துவிட்ட மைக்ரோடிப் பென்சிலின் முனையை அதன் மேல் கவிழ்த்து மெதுவாக நிமிர்த்தலாம். மூலை வெட்டுப்பட்ட பக்கம்தான் முதல் கால். அதைச் சாக்கெட்டின் முதல் கால் மூலையோடு சேர்த்து வைத்தால் சில்லு தன் எடையிலேயே இறங்கிவிடும். அழுத்த வேண்டியிருந்தால் எங்கோ ஒரு கால் சரியில்லை என்று பொருள். வைக்கும் திசை தவறினால் சில்லு போய்விடும்.

அடுத்து வருவதுதான் இந்தச் சில்லில் எனக்கு மிகப் பிடித்த இடம். பல போர்டுகள் அச்சான நாளில் நான்கு மடங்கு என்ற ஒன்றே உலகத்தில் இல்லை. மடங்கைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பரில் இருப்பது இரண்டும் மூன்றும்தான். ஏஎம்டியின் பொறியாளர்கள் அதற்கு என்ன செய்தார்கள்? மூன்றை மூன்றாகவே விட்டுவிட்டார்கள். போர்டு ‘இரண்டு’ என்று சொன்னால் ‘நான்கு’ என்று எடுத்துக்கொள்ளும்படி சில்லைச் செய்தார்கள். பிறக்கப்போகும் சில்லைப் பற்றி எதுவும் தெரியாத போர்டோடு, அதற்குத் தெரிந்த ஒரே பாஷையில் பேசியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரைப் போட்டால் பழைய பயாஸ் இதை அடையாளம் தெரியாமல் டிஎக்ஸ்4 என்றோ வேறு எதுவோ என்றோ திரையில் காட்டலாம். வேலைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

வேகம் மட்டும் இருந்தால் மூன்றாம் காலம் நிற்காது, அடுத்த சொல் மனதில் தயாராக இருக்க வேண்டும். சில்லு ஒவ்வொரு முறை வெளியே ராமைத் தேடிப் போகும்போதும், போர்டின் ஒரு துடிப்புக்கு உள்ளே நான்கு துடிப்பு வீணாகிறது. டிஎக்ஸ்2-ல் பொதுவாக இருந்த 8 கேபி உள் கேஷ் இதில் 16 கேபி ஆனது அதனால்தான். அதோடு ரைட்-பேக் என்ற ஏற்பாடும் உண்டு. எழுதுவதையெல்லாம் உடனுக்குடன் ராமுக்கு அனுப்பாமல் உள்ளேயே வைத்திருந்து, அந்த இடம் வேறொன்றுக்குத் தேவைப்படும்போது மட்டும் அனுப்பும். இதற்குப் போர்டின் ஒத்துழைப்பு வேண்டும். ஜம்பர் சரியில்லாவிட்டால் விண்டோஸ்கூட ஓடும், ஃப்ளாப்பி மட்டும் தப்புத்தப்பாகப் படிக்கும். காரணம், ஃப்ளாப்பியிலிருந்து வரும் தகவல் பிராசசரைக் கேட்காமல் நேராக ராமுக்குப் போகிறது, கேஷில் இருப்பது பழையதாகிவிட்டது சில்லுக்குத் தெரிவதில்லை. வேகம் காட்டும் மென்பொருளுக்கு முன்னால் ஒரு நல்ல ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்ப்பது என் பழக்கம்.

168 கால் சில்லு சாக்கெட் 3-ல் உட்கார்ந்த பிறகு வெளி வரிசைத் துளைகள் காலியாகவே நிற்கும். அவை இன்டெல்லின் பென்டியம் ஓவர்டிரைவுக்கு ஒதுக்கிய இடம். 33 மெகாஹெர்ட்ஸ் போர்டில் இரண்டரை மடங்கு, 83. இரண்டு தட்டுக்கு ஐந்து என்பதால் இதைக் கண்ட நடை என்று சொல்வேன். அதன் தலையிலேயே மின்விசிறியும் வோல்டேஜ் ரெகுலேட்டரும் சேர்ந்தே வந்தன. விசிறி நின்றுபோனால் அது தன் வேகத்தைப் போர்டின் வேகத்துக்கே இறக்கிக்கொண்டு உயிரைக் காத்துக்கொள்ளும். 1996-ல் வந்த க்வேக் மாதிரி தசமக் கணக்கில் வாழும் விளையாட்டுகளில் இது ஏஎம்5எக்ஸ்86-ஐ முந்தும். ஆனாலும் 64 பிட் பாதைக்குப் பிறந்த பென்டியத்தை 486-ன் 32 பிட் பாதையில் ஓட விடுவதில் ஒரு மூச்சுத்திணறல் தெரிகிறது. கம்போசிங், கணக்கு, எழுத்து என்று இந்த டவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு ஏஎம்டி சில்லே பொருத்தம் என்பது என் முடிவு.

காலமே மாற்றாமல் வேகம் கூட்டியவர்களும் உண்டு. 1984-ல் ஜப்பானின் என்ஈசி வெளியிட்ட வி20, 8088-ன் 40 கால் சாக்கெட்டில் அப்படியே உட்காரும். அதே 4.77 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் 8088 நூறு துடிப்புக்கு மேல் எடுக்கும் 16 பிட் பெருக்கலை அது ஐம்பதுக்குள் முடித்துவிடும். இன்டெல்லுடன் வழக்கு நடந்து, 1989-ல் என்ஈசி பதிப்புரிமையை மீறவில்லை என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பழைய சாக்கெட்டில் புதுச் சில்லு உட்காரும் கதை 486-க்குப் பிறகும் தொடர்ந்தது. புனேயில் பிறந்த வினோத் தாம் இன்டெல்லில் பென்டியத்தை முன்னின்று உருவாக்கியவர். 1995-ல் அங்கிருந்து விலகி நெக்ஸ்ஜென் போனார், அந்தக் கம்பெனியை ஏஎம்டி வாங்கியது. நெக்ஸ்ஜெனின் வடிவமைப்பு 1997-ல் கே6 ஆகி, பென்டியம் உட்கார்ந்திருந்த சாக்கெட் 7-லேயே வந்து உட்கார்ந்தது. அடுத்து வந்த கே6-2 வரிசையில் பழைய ஜம்பர் தந்திரம் மறுபடி தலைகாட்டியது. போர்டு இரண்டு என்று சொன்னால் சில்லு ஆறு என்று எடுத்துக்கொள்ளும். 66 மெகாஹெர்ட்ஸ் போர்டு உள்ளே 400-ஐத் தொடும்.

நம் ஊரில் சில்லு வாங்கும்போது கடைசி எழுத்தைப் படிக்க வேண்டும். ஏஎம்5எக்ஸ்86-ன் முதுகில் விண்டோஸ் 95 சின்னத்துக்குப் பக்கத்தில் ஏடிடபிள்யூ என்றோ ஏடிஇசட் என்றோ மூன்று எழுத்து இருக்கும். முதல் எழுத்து உறையின் வகை, இரண்டாவது வோல்டேஜ், மூன்றாவது தாங்கும் சூடு. டபிள்யூ என்றால் சில்லின் மேற்புறம் 55 டிகிரி வரை, இசட் என்றால் 85 வரை. சித்திரை வெயிலில் அறையே 40-ஐ நெருங்கும் ஊரில், ரோட்டுப் புழுதி விசிறிக்குள் படியும் ஊரில், இசட் கிடைத்தால் நூறு இருநூறு கூடுதலாகக் கொடுத்தாவது வாங்கிவிடலாம்.

இசட் சில்லு கையில் இருந்தால் போர்டையே 40-க்கு ஏற்றி 160-ல் ஓட்டுவோரும் இருக்கிறார்கள். சில்லு பெரும்பாலும் தாங்கும், ராமும் சேர்ந்து வேகமெடுப்பதால் பலனும் கண்ணுக்குத் தெரியும். எனக்கு அது தாளத்தையே துரிதப்படுத்துவதாகப் படுகிறது. 33-க்குப் பழகிய விஎல்பி கார்டு 40-ல் சில நேரம் எழுத்தைச் சிதறடிக்கும், அதைச் சமாளிக்கத் தாமத ஜம்பர் போட்டால் கிடைத்த வேகத்தில் பாதி அங்கேயே போய்விடும். என் டவர் 33-லேயே ஓடுகிறது.