தமிழ்த் திரைப்படங்களின் தொடக்கக் காட்சிகள்: நிறம், ஒளி, சட்டகம்

திரைப்படம் ஒன்றின் முதல் சில நிமிடங்களில் வரும் காட்சித் தொகுப்பைத் தொடக்கக் காட்சி என்கிறோம். கதை மாந்தர் பேசத் தொடங்கும் முன்பே இக்காட்சி பார்வையாளரிடம் பேசிவிடுகிறது. யாரை நம்ப வேண்டும், யார் மீது இரக்கம் கொள்ள வேண்டும், யாரை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பவை பெரும்பாலும் இங்கேயே முடிவாகின்றன. நிறம், ஒளி, சட்டகம் ஆகிய மூன்றும் இதற்குக் கருவிகள்.

சட்டகம் என்பது கேமராவின் நான்கு விளிம்புகளுக்குள் அடங்கும் பரப்பு. விளிம்புக்கு உள்ளே எதை வைப்பது என்பது போலவே, எதை வெளியே விடுவது என்பதும் இயக்குநரின் முடிவு. ஒளியமைப்பு அப்பரப்பில் எது தெரிய வேண்டும், எது இருளில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. நிறம் இவ்விரண்டின் மேல் அமைந்து மனநிலையை உண்டாக்குகிறது.

நிற அகராதி ஏன் போதாது?

திரைப்படம் பற்றி எழுதும் மாணவர்கள் பலர் ஓர் அகராதியைக் கையில் வைத்துக்கொள்கின்றனர். சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் சோகம், மஞ்சள் என்றால் மகிழ்ச்சி. படத்தைப் பார்க்காமலேயே எழுதிவிடக்கூடிய விமரிசனம் இது.

நீல நிறத்தையே எடுத்துக்கொள்வோம். 1992இல் வெளியான 'அண்ணாமலை' படத்தின் தொடக்கத்தில், நீலப் புள்ளிகளால் ஆன எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றி 'சூப்பர் ஸ்டார்' என்ற பட்டத்தை உருவாக்குகின்றன. அங்கே நீலம் கொண்டாட்டத்தின் அறிவிப்பு. கதை தொடங்கவில்லை, பாத்திரம் யாரென்று தெரியாது, ஆனாலும் அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்திலும் ஒரு பாடலில் நீலம் பூசிய உருவம் வருகிறது. அது அம்பேத்கரிய அரசியலின் நிறம். தான் யார் என்று கேட்கும் ஓர் இளைஞனின் நிறம். இரண்டிலும் சோகம் என்ற அகராதிப் பொருள் பொருந்தவில்லை. நிறத்தின் பொருள் படத்துக்கு வெளியே ஆயத்தமாக இருப்பதில்லை. படம் முதலில் எதை மறைக்கிறது, பின்னர் எதைத் திருப்பித் தருகிறது என்பதில்தான் அது பிறக்கிறது. கீழ்வரும் எடுத்துக்காட்டுகள் இதை விளக்கும்.

அந்த நாள் (1954): கொலையாளி இல்லாத சட்டகம்

சு. பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்த 'அந்த நாள்', பாடலே இல்லாமல் எடுக்கப்பட்ட தமிழ்ப்படம். ஒளிப்பதிவு மாருதி ராவ். நாயகன் ராஜன் சுடப்படுவதுடன் படம் தொடங்குகிறது. சிவாஜி கணேசன் அன்றே பெரிய நடிகர். அவரை முதல் காட்சியிலேயே சாகடிப்பது துணிச்சலான செயல்.

இங்கே கவனிக்க வேண்டியது சட்டகத்தின் விளிம்பு. சுடப்பட்டவரின் முகம் தெரிகிறது. சுட்டவரின் முகம் தெரிவதில்லை. முகம் தெரிந்தவர் மீது நம் இரக்கம் தானாகச் செல்கிறது. ஆனால் படம் வளர வளர, ராஜன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்று தெரியவருகிறது. முதல் காட்சியில் நாம் கொடுத்த இரக்கத்தைப் படம் திரும்பக் கேட்கிறது. இறுதியில் சுட்டது மனைவி உஷா என்று அறியும்போது, முதல் காட்சியில் விளிம்புக்கு வெளியே நின்றவர் மீதுதான் நம் இரக்கம் சென்று சேர்கிறது. முகம் காட்டுவது உண்மையைக் காட்டுவது ஆகாது என்ற பாடத்தைத் தமிழ்ப்படம் 1954லேயே கற்பித்திருக்கிறது.

16 வயதினிலே (1977): நடைமேடையில் ஒருத்தி

பாரதிராஜாவின் முதல் படமான '16 வயதினிலே', ரயில் நிலையத்தில் மயில் காத்திருப்பதிலிருந்து தொடங்குகிறது. அவளுடைய நினைவாகவே கதை விரிகிறது. ஒளிப்பதிவாளர் பி. எஸ். நிவாஸ். ஸ்டூடியோவில் கிராமத்தை அட்டையாலும் சாயத்தாலும் உருவாக்கிய காலத்தில், இப்படம் வெயிலையும் புழுதியையும் நேரில் சென்று எடுத்தது.

அந்தத் தொடக்கத்தின் ஆற்றல் அதன் எளிமையில் இருக்கிறது. தண்டவாளம், நடைமேடை, ஒரு பெண். அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று நமக்குத் தெரியாது. படம் முடியும்போது மீண்டும் அதே இடத்துக்கு வருகிறோம். இடம் மாறவில்லை, பொருள் முற்றிலும் மாறிவிட்டது. சிறையிலிருந்து சப்பாணி வருவானா என்ற கேள்வி இப்போது நமக்கும் உரியது. தொடக்கக் காட்சி கேட்ட கடனை முடிவு திருப்பித் தருகிறது.

ஓசூர்ப் பகுதி வாசகர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. தமிழ்க் கிராமத்தின் அடையாளமாகக் கொண்டாடப்படும் இப்படம் பெரும்பாலும் கர்நாடகத்தின் கொள்ளேகால், மைசூர்ப் பகுதிகளில் எடுக்கப்பட்டது. பாரதிராஜா கன்னட இயக்குநர் புட்டண்ண கணகாலிடம் பயின்றவர். நிலம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டிலும், சட்டகத்துக்குள் அதை எப்படி வைக்கிறோம் என்பதே அதைத் தமிழ்க் கிராமமாக்குகிறது.

தளபதி (1991): மறைக்கப்பட்ட சூரியன்

மணிரத்னம் இயக்கிய 'தளபதி' மகாபாரதத்துக் கர்ணன் கதையைத் தழுவியது. ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன். போகி நாளில் ஓர் இளம்பெண் குழந்தை பெற்று, அதை ஒரு சரக்கு ரயிலில் விட்டுவிடும் முன்கதையுடன் படம் தொடங்குகிறது. இப்பகுதி கறுப்பு-வெள்ளையில் உள்ளது.

கறுப்பு-வெள்ளை என்றால் பழைய காலம் என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடலாம். படத்துக்குள் பார்த்தால் கூடுதலாக ஒன்று தெரியும். நாயகனின் பெயர் சூர்யா. கதை வண்ணத்துக்கு மாறிய பிறகு, சந்தோஷ் சிவன் சூரியனையே ஒரு பாத்திரமாக்குகிறார்; முக்கியமான தருணங்களில் மாந்தர்களின் தலைக்குப் பின்னால் அது செம்பொன்னாக எரிகிறது. அப்படியானால் பிறப்புக் காட்சியில் நிறத்தை அகற்றியது, சூரியனின் மகனிடமிருந்து சூரியனை அகற்றியது போன்றதாகும். பின்னர் வரும் ஒவ்வோர் அந்தியும் விடியலும் அவனுக்கு மறுக்கப்பட்டதை நினைவூட்டுகின்றன.

ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. அந்தச் சிறுமியை அந்நிலைக்குத் தள்ளியவர் யார் என்ற கேள்வியைக் கறுப்பு-வெள்ளை மென்மையாக மூடிவிடுகிறது. புகைமூட்டமும் அழகான ஒளியும் அவளுடைய துயரத்தைப் புராணமாக்குகின்றன. புராணத்தில் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அழகு சில நேரம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க உதவுகிறது என்பதற்கு இக்காட்சி எடுத்துக்காட்டு.

பரியேறும் பெருமாள் (2018): பட்டப்பகலில் கொடுமை

மாரி செல்வராஜின் முதல் படம். ஒளிப்பதிவு ஸ்ரீதர். வேட்டை நாய்களுடன் இளைஞர்கள் சிலர் சிறு நீர்நிலையில் விளையாடுகின்றனர். ஆதிக்கச் சாதியினர் சிலர் வருவதைக் கண்டு எழுந்து செல்கின்றனர். வந்தவர்களில் ஒருவர் அந்த நீரை அசுத்தப்படுத்துகிறார். பின்னர் கறுப்பி என்னும் நாய் தண்டவாளத்தில் கட்டப்பட்டு ரயிலில் அடிபட்டு இறக்கிறது.

கொடுமையை இருட்டில் காட்டுவது சினிமாவின் பழைய வழக்கம். வில்லன் வந்தால் விளக்கு மங்கும். இப்படம் அதை மறுக்கிறது. எல்லாமே கொளுத்தும் வெயிலில் நடக்கிறது. ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை என்பதே அந்த வெயிலின் பொருள். எவரும் பார்க்கும்படி, எவரும் தடுக்காதபடி நடப்பது சாதிக் கொடுமை என்று ஒளியமைப்பே சொல்கிறது.

படத்தின் இறுதியில் இரண்டு தேநீர்க் குவளைகள் அருகருகே தெரிகின்றன. ஒன்றில் பால் கலந்த தேநீர், மற்றொன்றில் கறுந்தேநீர். நடுவே ஒரு பூ. ஒரே நீர்நிலையில் ஒன்றாக இருக்க முடியாதவர்கள் என்று தொடங்கிய படம், ஒரே சட்டகத்தில் சமமாக வைக்கப்பட்ட இரு குவளைகளுடன் முடிகிறது. அவை இன்னும் ஒன்றோடொன்று கலக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நம்பிக்கை கொடுக்கிறது, பொய் சொல்லவில்லை.

கர்ணன் (2021): சாலையின் நடுவே

இதே இயக்குநரின் அடுத்த படத்துக்குத் தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்தார். வலிப்பு வந்த ஒரு சிறுமி நடுச்சாலையில் கிடந்து துடிக்கிறாள். வண்டிகள் நிற்காமல் கடந்து போகின்றன. கேமரா மேலிருந்து பார்க்கிறது.

மேல்கோணம் பொதுவாகப் பாத்திரத்தைச் சிறியதாக்கும். இங்கே அது வேறொன்றும் செய்கிறது: சாலையை ஒரு கோடாகவும், அவளை அக்கோட்டில் ஒரு புள்ளியாகவும் ஆக்குகிறது. வண்டி ஓட்டுபவர்களுக்கு அவள் எப்படித் தெரிந்தாளோ, அப்படியே நமக்கும் தெரிகிறாள். உதவ முடியாத உயரத்தில் நம்மை நிறுத்துவதால் குற்ற உணர்வு நமக்கும் வருகிறது. இறந்த சிறுமி தெய்வமாகி, முகமூடி அணிந்த உருவமாகப் படம் முழுவதும் வருகிறாள். ஊருக்குப் பேருந்து நிற்பதில்லை என்பது படத்தின் மையச் சிக்கல். அதை ஒரு வசனமும் இன்றி முதல் காட்சி சொல்லிவிட்டது.

எல்லைக்கு அப்பால்: திதி

எல்லையோர வாசகர்கள் கன்னடப் படங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. மண்டியா மாவட்டக் கிராமத்தில், தொழில்முறை நடிகர்கள் அல்லாத ஊர் மக்களைக் கொண்டு ராம் ரெட்டி எடுத்த 'திதி', லொகார்னோ விழாவில் 2015இல் விருது பெற்றது. நூறு வயதைத் தாண்டிய முதியவர் ஒருவர் தெருவோரத்தில் அமர்ந்து போவோர் வருவோரை எல்லாம் கிண்டல் செய்கிறார். சற்று நேரத்தில் விழுந்து இறக்கிறார். இயல்பான பகல் ஒளி, அவசரமற்ற கேமரா. அவரை உயர்த்திக் காட்டக் கீழ்க்கோணமோ, இரங்கத்தக்கவராக்க அண்மைக் காட்சியோ தேவைப்படவில்லை. நம் படங்களில் நாயகனின் காலணி, கை, பின்தலை என்று துண்டு துண்டாகக் காட்டி, கடைசியில் பின்னொளியில் முகத்தைத் திறக்கும் வழக்கத்துடன் இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஒன்று வணங்கச் சொல்கிறது. மற்றொன்று கூட உட்காரச் சொல்கிறது.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

கைப்பேசியில் குறும்படம் எடுக்கும் மாணவர்கள் இன்று ஏராளம். ஓசூரின் ஜூஜூவாடி எல்லைப் பகுதியில், விடியற்காலை கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண் தொழிலாளர்களைக் காட்டும் தொடக்கக் காட்சி ஒன்றை எண்ணிப் பாருங்கள்.

மேம்பாலத்தின் மேலிருந்து எடுத்தால் அவர்கள் ஒரு வரிசை, எண்ணிக்கை மட்டுமே. எதிரிலுள்ள தேநீர்க் கடையிலிருந்து எடுத்தால், நாம் அவர்களைப் பார்க்கும் ஆண்களில் ஒருவர் ஆகிறோம். பேருந்தின் உள்ளே அமர்ந்து, ஏறுபவர்களின் முகங்களை உள்விளக்கின் வெளிச்சத்தில் எடுத்தால், நாம் அவர்களின் சகபயணி. இடமும் நேரமும் ஒன்றே. தமிழ்ப் பலகையும் கன்னடப் பலகையும் ஒரே சட்டகத்தில் வருகின்றனவா, ஒன்று வெட்டப்படுகிறதா என்பதும் ஒரு கருத்தே. தெருவிளக்கின் மஞ்சள் ஒளிக்கு அகராதியில் பொருள் தேட வேண்டாம். அந்த ஒளி பின்னர் எந்தக் காட்சியில் திரும்ப வரப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். பொருள் அங்கே கிடைக்கும்.

விமரிசனம் எழுதுவோருக்கும் இதே முறை உதவும். படத்தை முழுதும் பார்த்தபின் முதல் ஐந்து நிமிடங்களை ஒலியை நிறுத்திவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். யாருக்கு முகம் கொடுக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது, வெளிச்சம் யார் பக்கம் நின்றது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பைப் படத்தின் முடிவோடு ஒப்பிட்டால், இயக்குநர் தொடக்கத்தில் வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்தினாரா, ஏமாற்றினாரா என்பது தெளிவாகும்.