வெளிச்சம் பார்த்துப் படமெடுத்தவர்கள்

ஒளிப்படங்களோடு வெளிவந்த முதல் நூல் என்று பலரும் சொல்லும் நூல், கேமரா இல்லாமலே உருவானது. இங்கிலாந்தின் அன்னா அட்கின்ஸ், இரும்பு உப்புகள் பூசிய தாளில் கடற்பாசிகளைப் பரப்பி வெயிலில் வைத்தார். பிறகு தண்ணீரில் அலசினார். வெயில் பட்ட இடம் நீலமானது. பாசி மறைத்த இடம் வெள்ளையாகவே நின்றது. 1843இல் தொடங்கிய பணி பத்தாண்டு நீண்டது. செடியின் அளவும் விளிம்பும் பிசகாமல் பதிந்தன. மேடுபள்ளம் மட்டும் பதியவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது பெர்லின். அங்கே கார்ல் பிளாஸ்ஃபெல்ட், கலை மாணவர்களுக்குப் பாடக்கருவியாகவே செடிகளைப் படமெடுத்தார். தானே செய்த கேமரா, வெறுமையான பின்னணி, சீரான பகல் வெளிச்சம். பல மடங்கு பெரிதாக்கியதும், சுருண்ட பெரணித் தளிர் வார்ப்பிரும்பு வேலைப்பாடு போல நின்றது. அவருக்குப் புகழ் தேடித்தந்த தொகுப்பு வெளியானது 1928இல்.

கலிபோர்னியாவில் இமோஜன் கன்னிங்ஹாம், கைப்பிள்ளைகளோடு வீட்டில் இருந்த காலத்தில் தோட்டத்துப் பூக்களிடம் வந்தார். 1925இல் எடுத்த மக்னோலியா படத்தில் இதழ்கள் சட்டத்தை நிரப்ப, நடுவே சூலகமும் மகரந்தத் தாள்களும் துல்லியமாகத் தெரிகின்றன. வெள்ளை இதழுக்குள்ளேயே எத்தனை சாயல்கள்! உச்சி வெயிலில் அத்தனையும் வெளுத்துப்போயிருக்கும். எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்தார். புனலின் உட்சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அதன் வளைவுகளை வடித்துக் காட்டியது. இருவரும் 1932இல் உருவான எஃப்/64 குழுவில் இருந்தார்கள். லென்ஸின் துளையைச் சுருக்கி, முன்னும் பின்னும் கூர்மையாக எடுப்பது அக்குழுவின் கொள்கை. ஆனால் துளை சிறுத்தால் பதிவு நேரம் நீளும். காற்றில் ஆடும் காட்டுச்செடிக்கு அது எளிதில் ஒத்துவராது.

காட்டுக்கே போனவர் எலியட் போர்ட்டர். 1962இல் சியரா கிளப் வெளியிட்ட அவருடைய வண்ணப்பட நூலில் இலை, பாசி, பாறை எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தே நிற்கின்றன. மேகம் வடிகட்டிய வெளிச்சத்தில் கறுப்பு நிழல் விழாததால் நிறங்கள் மாறாமல் பதிகின்றன.

முன்னவர்கள் பெரும்பாலும் செடியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். போர்ட்டர் செடி நிற்கும் இடத்துக்கு வெளிச்சம் வரட்டும் என்றிருந்தார். இன்று காட்டுச்செடிப் படங்களைத் தரம் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இதழோடு இலையடுக்கும் தண்டும் அடையாளம் சொல்லும்படி பதிந்திருக்கிறதா? செடி நின்ற இடத்திலேயே எடுத்த படமா? நண்பகல் என்றால் வெள்ளைக் குடை பிடித்து வெயிலைத் தணிக்கலாம்; குறுக்கே நிற்கும் புல்லை ஒதுக்கிப் பிடிக்கலாம். செடியைப் பிடுங்கி எடுத்த படத்துக்கு, எத்தனை அழகானாலும், முதலிடம் கிடையாது.